பச்சைக் கதவு

கடிதத்தில் ஒரே ஒரு கட்டத்தில் பேனாக் குறி.
நான் திரும்பி வருவேன் என்பதற்கு
நம்பும்படியான காரணம் இல்லையாம்.

வராமல்?
வியாசர்பாடியில் புதன் காலை ஐந்தரைக்குத் தண்ணீர் லாரி.
என் குடத்தை யார் வரிசையில் வைப்பது?
பதினோரு தவணை பாக்கியிருக்கிற ஸ்கூட்டியை
கெண்ட் நகரத்தின் எந்தக் கால்வாயோரம் நிறுத்திவிட்டு
நான் தலைமறைவாவது?

மூன்று மாதமாக அந்த ஊரில்தான் நடந்துகொண்டிருந்தேன்.
ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில்
கிளட்ச் பிளேட்டுக்குக் கணக்கெழுதும் கடையில்
சாப்பாட்டுக்குப் பின் இருபது நிமிடம்,
செல்போன் வரைபடத்தை விரலால் தள்ளித் தள்ளி.
கலங்கலாக்கிய முகங்களோடு மனிதர்கள்.
ஒருத்தி கையில் வெங்காயத்தாள் கட்டு,
எப்போது போனாலும் அதே பாலத்தில்
அதே காலைத் தூக்கியபடி.
மணிக்கூண்டின் உச்சியில் பொன் பூசிய டிராகன்.
நம் கோயில் தூண் யாளி ஒன்று
கோபித்துக்கொண்டு கிளம்பிப் போய்
அங்கே ஏறி உட்கார்ந்த மாதிரி.

இளவேனிலுக்கு எடுத்த மாம்பழ நிறப் புடவையை
அவள் அப்பா பெட்டியில் கொடுத்தனுப்பினேன்.
"இருபத்திமூணு கிலோதான்மா விடுவான்."
கோதண்டம் மாமா எடைபோட்டுப் பார்த்தார்.
புடவையை வைத்துக்கொண்டு
தன் செருப்பில் ஒரு ஜோடியை வெளியே எடுத்தார்.

கல்யாணம் சனிக்கிழமை. எனக்கு அன்று விடுமுறை இல்லை.
மே மாதம், மதியம் இரண்டேகால்.
தார் இளகி நடப்பவர் காலைப் பிடிக்கிற நேரம்
போன் அடித்தது.

"ஸ்டெல்லா, வழி தவறிட்டம்மா.
காரு உள்ள வராதுன்னு இங்கயே எறக்கிட்டான்.
பாப்பா போன எடுக்கல.
யாரக் கேட்டாலும் சிரிச்சிட்டுப் போறாங்க."
பின்னால் பூங்காவனம் அத்தை:
"மழ தூறுதுன்னு சொல்லுங்க."

இங்கே வேர்வையில் போன் நழுவுகிறது.
"என்ன தெரியுது மாமா?"
"பாலம். தண்ணி. ஒரு படகு."
அந்த ஊரில் அது மூன்றும் இல்லாத இடம் எது?
"மேல பாருங்க, டிராகன் தெரியுதா?"
"வாலு தெரியுது."
"வாலுக்கு நேரா நடங்க.
ஐயோ, நில்லுங்க மாமா. அது காத்துக்குத் திரும்புற டிராகன்.
வால விடுங்க. கோபுரத்தப் பாத்து நடங்க.
இடதுபக்கம் மருந்துக்கடை வரும்.
தாண்டினா ஒரு பச்சைக் கதவு. அங்க வலது."

கொஞ்ச நேரம் காலடி மட்டும்.
கல் பாவிய தெருவில் மாமாவின் புது ஷூ,
அத்தையின் மெட்டி என்று நானாக நினைத்துக்கொண்ட ஏதோ.

"பச்சக் கதவு இல்லம்மா. செவப்புதான் இருக்கு."

கடையில் ஒருவர் சைலன்சர் விலை கேட்டு நிற்கிறார்.
விசிறி ஒரு சுற்று சுற்றியது.
"அதேதான் மாமா," என்றேன்,
கோர்ட்டில் சத்தியம் செய்கிறவள் குரலில்.
"வலது திரும்புங்க."

மணி அடிக்கத் தொடங்கியது. எண்ணினேன், பதினொன்று.
"தோ, பாப்பா!"
அவ்வளவுதான். போனை அணைக்க மறந்து
சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

பதினான்கு நிமிடம் நான் அந்தப் பையில் இருந்தேன்.
துணி உரசல். அவர் இருமல்.
புரியாத மொழியில் யாரோ எதையோ வாசிப்பது.
யோரிஸ் என்ற பெயர் இரண்டு முறை.
இளவேனில் என்ற பெயர் ஒரு முறை, தப்பாக.
பிறகு கைதட்டல்.
நானும் தட்டினேன்.
சைலன்சர் கேட்டவர் பில்லைக் கீழே வைத்துவிட்டு
என்னைப் பார்த்தார்.

ஞாயிறு இரவு படங்கள் வந்தன.
மாம்பழப் புடவைமேல் கறுப்புக் கோட்டு,
கீழே ஒரு சாண் கரை மட்டும் நனைந்து.
மாமா எல்லாப் படத்திலும் கண்ணை மூடியிருந்தார்.
ஒன்றின் ஓரத்தில் அந்தக் கதவு.
நல்ல சிவப்பு. புதிதாக அடித்தது,
கீலில்கூடப் பெயின்ட் சொட்டியிருக்கிறது.

வரைபடத்தைத் திறந்து போய்ப் பார்த்தேன்.
பச்சை.
பாலத்தில் அவள்
இன்னும் காலைக் கீழே வைக்கவில்லை.